மாமா மோசமாம்

டோர்வல் எயார்போட்டடியிலை, பிளேனுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற கொம்பனியிலை எனக்கு வேலை. சனம் பறக்கிறதே நத்தாருக்குத்தான், பேந்தெங்கை எங்களுக்கு லீவு? 2007ஆம் ஆண்டு என்ன புண்ணியமோ, சூப்பர்வைசர் கூப்பிட்டு, "கத்தரின், இந்தமுறை நீ வீட்டிலை நில்" எண்டான். எனக்கெண்டால் சொல்லேலாத புளுகம். ரொறன்ரோவிலை இருக்கிற சொந்தக்காரர் எல்லாம் வரச்சொல்லிக் கேட்டவை. ஒரு இடமும் வரேல்லை எண்டு ஒரே பிடியாய்ச் சொல்லிப்போட்டன். பனிக்குள்ளை அவ்வளவு தூரம் கார் ஓடி, ஆற்றையோ வீட்டுக் குசினியிலை நிண்டு கோப்பை கழுவ எனக்கென்ன விசரோ? வீட்டிலை கிடப்பம், கேக் அடிப்பம், காலை நீட்டிக்கொண்டு இருப்பம். அதுதான் என்ரை திட்டம்.

வீட்டிலை நாங்கள் நாலு பேர். நான், என்ரை மனுசன் றெக்ஸ், மகள் அனோஜினி, என்ரை தம்பி டனிஸ்ரன்ரை பெண்சாதி அக்னெஸ். தம்பி மன்னாரிலை. அக்னெஸ் முதல் இஞ்சை வந்து, அகதிக் கேஸ் வெண்டு, பேப்பர் எடுத்து, பேந்து அவனைக் கூப்பிட எழுதிப்போட்டு, எல்லாம் சரி வந்திட்டுது. மெடிக்கலும் முடிஞ்சுது. மாசியிலை வந்திடுவான் எண்டு இருந்தம். பாவங்கள், கலியாணம் கட்டி ஒழுங்காய் ஒரு வருசம் ஒரு வீட்டிலை இருக்கேல்லை. மிச்சமெல்லாம் ரெலிபோன் குடித்தனம்தான்.

அந்த மார்கழி அவனுக்கு நெருப்புக்காய்ச்சல், உந்த ரைபொயிட், வந்து ஆசுபத்திரியிலை படுத்திட்டான். நாங்கள் நல்லாய்ப் பயந்து போனம். பேந்து, கஞ்சி குடிக்கிறான், எழும்பி நடக்கிறான், கெதியிலை வீட்டை அனுப்பிடுவினம் எண்டு அக்கா சொன்னா. திரேசம்மா அக்காதான் எங்களிலை மூத்தவ. தம்பி அவவோடைதான் இருந்தவன். அவவின்ரை வீட்டிலை ரெலிபோன் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் சந்தியோகு அண்ணையின்ரை நம்பருக்கு எடுத்தால் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வருவார்.

அக்னெஸுக்குக் கை சும்மா இராது. மன்னாரிலை மடத்துச் சிஸ்டர்மாரிட்டைக் குரோசே பழகினவள். மேசைவிரிப்பு, கப்புக்குக் கீழை வைக்கிற வட்டம் எண்டு பின்னிப் பின்னி என்ரை வீடு முழுக்கப் போட்டு வைச்சாள். ரீவிக்கு மேலையும் ஒண்டு. இந்தமுறை லவால் பக்கத்துக் கடைக்குப் போய் மொத்தக் கம்பளி நூல் வாங்கிக்கொண்டு வந்து, தம்பிக்கு ஒரு சுவெற்றர் தொடங்கினாள். "உதைக் கடையிலை மலிவாய் விக்கிறான்" எண்டன். "அது அவருக்கு அளவு வராது மச்சாள்" எண்டாள். அளவு பாக்கிறது ஆரிலை? றெக்ஸிலை! என்ரை மனுசன் துறைமுகத்திலை கொன்ரெய்னர் லொறி ஓடுற ஆள், கதவு நிறைய நிப்பார். தம்பி ஈர்க்குக்குச்சி. "றெக்ஸ் அண்ணையிலை பாதி எடுத்தால் சரியாய் இருக்கும்" எண்டு அவள் நூலைப் பிடிக்க, இவர் வயித்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, "எந்தப் பாதியை எடுக்கப் போறாய் தங்கச்சி?" எண்டு கேட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்சம்.

நத்தாருக்கு முந்தின சனிக்கிழமை காலமை கேக் அடிக்கத் தொடங்கினம். பிளம்ஸும் இஞ்சிப்பாகும் பூசணி முரப்பாவும் பிரண்டியிலை ஊறிக்கொண்டு கிடந்தது. றெக்ஸ் கஜு வெட்டினார். வெட்டினதிலை பாதி அவற்றை வாய்க்குள்ளை. நான் மிக்சரிலை பட்டரும் சீனியும் அடிக்கிறன், அக்னெஸ் பக்கத்திலை ரவையையும் மாவையும் கையாலை பிரட்டுறாள். வெளியிலை பனி கொட்டுது, உள்ளுக்கு வனிலா வாசம். எனக்கு அப்ப ஒரு குறையும் இல்லை. சத்தியமாய்ச் சொல்லுறன், ஒரு குறையும் இல்லை.

ரெலிபோன் அடிச்சுது. என்ரை கை முழுக்கப் பட்டர், அவளின்ரை கை முழுக்க மா. "அனோ, எடு!" எண்டு கத்தினன். அனோஜினிக்குப் பதினைஞ்சு வயசு. கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்து முனகிக்கொண்டு எழும்பிப் போனாள். மிக்சர் இரைச்சலிலை அவள் கதைச்சது ஒண்டும் எங்களுக்குக் கேக்கேல்லை. கொஞ்சத்தாலை குசினி வாசலிலை வந்து நிண்டாள்.

"மன்னாரிலை இருந்து சந்தியோகு எண்டு ஒரு தாத்தா. டனிஸ்ரன் மாமா மோசமாம்."

நான் மிக்சரை நிப்பாட்டினன். "மோசமோ? என்னடி மோசம்?"

"மோசம் எண்டுதான் சொன்னவர். வெரி சிக் எண்டு நினைக்கிறன். மாமியிட்டைச் சொல்லட்டாம். பேந்து கட் ஆகிட்டுது."

அக்னெஸ் மாக்கையோடை ஓடிப்போய் ரெலிபோனை எடுத்தாள். கார்ட் போட்டுக் கூப்பிட்டால், லைன் எல்லாம் பிஸி எண்டு ஒரு பொம்பிளை இங்கிலீசிலை சொல்லுறாள். நத்தார் நேரம், உலகத்திலை உள்ள சனம் முழுக்க அண்டைக்குத்தான் ஊருக்குக் கதைக்குது. திருப்பித் திருப்பி அடிச்சம். ஒருக்கால் லைன் போச்சுது. சந்தியோகு அண்ணையின்ரை கடையிலை மணி அடிக்குது, அடிக்குது, எடுக்க ஆளில்லை. "கடையைத் திறந்து வைச்சிட்டு எங்கை துலைஞ்சுபோனார் மனுசன்?" எண்டு நான் ஏசினன். கடை பூட்டிக் கிடக்கு எண்டு எனக்கென்ன தெரியும்?

நெருப்புக்காய்ச்சல் திருப்பி அடிக்கிறதுதான், ஊரிலை எத்தினை பேருக்குப் பாத்திருக்கிறம் எண்டு றெக்ஸ் சொன்னார். நானும் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அக்னெஸ் கையைக் கழுவினாள். பேந்து, "மச்சாள், கரைச்ச மாவைப் பழுதாக்கக் கூடாது, அவணுக்குள்ளை வையுங்கோ" எண்டாள். "இந்தக் கேக் எத்தினை மாசமும் கிடக்கும். அவருக்கு ஒரு துண்டு சுத்தி வைப்பம். மாசியிலை வந்து தின்னட்டும்."

அப்பிடித்தான் வைச்சம். வீடு முழுக்க வாசம்.

பேந்து அவள் கதிரையிலை இருந்து சுவெற்றரை எடுத்தாள். மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சாளாம். சுவெற்றர் பின்னி முடியுமட்டும் கேக்கிலை ஒரு துணிக்கையும் வாயிலை வைக்கமாட்டன், அவரை எழுப்பிவிடு தாயே எண்டு. விசர்ப்பிள்ளை. நான் சிரிக்கேல்லை. எனக்கும் உள்ளுக்கை அடிச்சுக்கொண்டுதான் இருந்தது, என்ரை கூடப்பிறந்தவன் எல்லே. ஆனால் மோசம் எண்டால் மோசம்தானே. மோசமாய்க் கிடந்து எழும்பின ஆக்கள் எத்தினை பேர்? அவள் சாப்பிடேக்கையும் பின்னினாள், செபமாலை சொல்லிச் சொல்லிப் பின்னினாள். இடைக்கிடை எழும்பிப் போய் நம்பரை அடிச்சாள். அதே பிஸி, இல்லாட்டி அதே மணி.

நத்தார் அண்டு காலமை தமிழ்ப் பூசைக்குப் போனம். அக்னெஸ் சுவாமியாரிட்டைச் சொல்லி, மன்னாரிலை வருத்தமாய் இருக்கிற டனிஸ்ரன் சுகமடைய எண்டு மன்றாட்டிலை வாசிப்பிச்சாள். கோயில் நிறைஞ்ச சனம் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" எண்டுது.

வீட்டை வந்து கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டம். அக்னெஸ் முதல் நாளே சுவெற்றரை முடிச்சிட்டாள், கழுத்துக்குத்தான் ஒரு கரை போடவேணும் எண்டு வைச்சிருந்தாள். நேர்த்தி முடிஞ்சுதெண்டு நான் கேக்கை வெட்டி அவளின்ரை வாயிலை ஊட்டினன். "நல்லாய் வந்திருக்கு மச்சாள்" எண்டாள். நானும் இரண்டு துண்டு திண்டன். தம்பி மண்ணுக்குள்ளை கிடக்க, அவன்ரை அக்கா நான் கேக் திண்டன். இதை ஆரிட்டைச் சொல்லி அழ?

றெக்ஸுக்குச் சாப்பிட்டால் வாய் சும்மா இராது. அனோவைக் கிண்டத் தொடங்கினார். "பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தமிழிலை நாலு சொல்லுத் தெரியுமோ? சோறு, கறி, காசு, நாலாவது என்ன?"

அனோவுக்குக் கோவம் வந்திட்டுது. "நான் மன்னார்த் தாத்தாவோடை தமிழிலைதானே கதைச்சன்! அவற்றை தமிழ்தான் ஃபன்னி." எழும்பி நிண்டாள். காதடியிலை கையை வைச்சு, கிழவர்மாதிரிக் குரலை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "பிள்ளை... நான் சந்தியோகு... டனிஸ்ரன் மோசம் போட்டான் பிள்ளை... விடியக்காலமை... மாமியிட்டைப் பக்குவமாய்ச் சொல்லு..."

சிரிச்சுக்கொண்டு இருந்த றெக்ஸின்ரை வாய் அப்பிடியே நிண்டுது.

எங்கடை பக்கத்திலை ஒருத்தர் மோசம் எண்டால் வருத்தம் கடுமை. மோசம் போட்டார் எண்டால் ஆள் இல்லை. முடிஞ்சுது. அது வேறை, இது வேறை. ஊரிலை பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

அக்னெஸ் கொக்கி ஊசியைக் கீழை வைச்சாள். "அனோ, சரியாய்ச் சொல்லு. மோசம் எண்டவரோ, மோசம் போட்டான் எண்டவரோ?"

"மோசம் போட்டான்." அனோ எங்கடை முகங்களைப் பாத்தாள். "இரண்டும் ஒண்டுதானே?"

நான் எழும்பின எழும்பலிலை கதிரை பின்னாலை விழுந்துது. கையை ஓங்கிப்போட்டன். அறைஞ்சிருப்பன், பல்லுக் கொட்டியிருக்கும். அக்னெஸ் இடையிலை வந்து நிண்டாள். "விடுங்கோ மச்சாள். அவளுக்கு உதை ஆர் சொல்லிக் குடுத்தது?"

ஆர் சொல்லிக் குடுக்கிறது? ஊரிலை இருந்து இழவுச் செய்தி வந்தால், பிள்ளை பயப்படும் எண்டு அவளை அறைக்குள்ளை விட்டுக் கதவைச் சாத்திப்போட்டுத்தான் நாங்கள் கதைக்கிறது. அந்த வருசம் சாத்தின கதவு கொஞ்சமே? அனோ சுவரோடை ஒட்டி நிண்டாள். அவளைப் பாக்கப் பாக்க எனக்குக் கோவமும் வருது, கட்டிப்பிடிக்கவும் வருது.

அங்கை அப்ப நடுச்சாமம். விடியுமட்டும் ஒருத்தரையும் பிடிக்கேலாது. ஆரும் லைற் போடேல்லை. "சந்தியோகு அண்ணை வயசு போனவர், வாய் தவறிச் சொல்லியிருப்பார்" எண்டாள் அக்னெஸ். "ஓம்" எண்டன். "நத்தாரெண்டு கொஞ்சம் சாராயம் பாவிச்சும் இருப்பார்" எண்டாள். அதுக்கும் ஓம் எண்டன். தாலியைப் பிடிச்சு உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கும் வரேல்லை. தெரியாமல் எப்பிடி அழுறது?

பொழுது பட்டாப்போலை, றெக்ஸ் ரொறன்ரோவுக்கு அடிச்சு, மன்னாரிலை எங்கடை பங்குச் சுவாமியாரின்ரை நம்பரை எடுத்தார். லைன் ஒரே அடியிலை போச்சுது. வேண்டின நேரம் போகாத லைன். எல்லாருக்கும் கேக்கட்டும் எண்டு ஸ்பீக்கரிலை போட்டார். அக்னெஸ் தன்ரை பேரைச் சொன்ன உடனை, "மகள், மனதைத் திடப்படுத்து. டனிஸ்ரன் கர்த்தரிட்டைப் போட்டார்" எண்டார் சுவாமியார். காலமைப் பூசைக்குத் திரேசம்மா வந்து நிக்கிறா, கூப்பிடுறன் எண்டு ரெலிபோனை மேசையிலை வைச்சிட்டுப் போனார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பாக்கேல்லை.

அக்கா வந்தா. என்ரை சொந்த அக்காவின்ரை குரலை எனக்கே மட்டுக்கட்டேலாமல் இருந்தது.

"ஆர், அக்னெஸோ? இப்பத்தான் கேக் ஆறினதோ?"

அக்னெஸ் ரெலிபோனுக்குக் கிட்டக் குனிஞ்சாள்.

"சனிக்கிழமை விடியப் போட்டான். உனக்கு உடனை சொல்லச் சொல்லி சந்தியோகுவை அனுப்பினன், அவருக்கு லைன் கிடைக்கவே பொழுது பட்டிட்டுது. மாமி கேக் அடிக்கிறாவாம், பேந்து எடுப்பாவாம். அதைக்கூடப் பொறுப்பன். உன்ரை புருசன் போட்டான் எண்டு அந்த மனுசன் அழுதுகொண்டு சொல்ல, 'நத்தார் வாழ்த்துக்கள்' எண்டு மறுமொழி வந்ததாமே! பிரேதத்துக்கு முன்னாலை நிண்டு அவர் எல்லாருக்கும் சொன்னார். ஊரே கேட்டுது. நீ சுவாமியாரிட்டையெண்டாலும் எடுப்பாய், ஒரு வார்த்தை சொல்லுவாய் எண்டு இரண்டு நாள் அவனை வைச்சிருந்தம். நத்தார் அண்டு அடக்கம் வைக்கேலாது எண்டு முதல் நாள் எடுத்துக்கொண்டு போனம். ஆர் அப்பிடிச் சொல்லச் சொன்னது? சொல்லு, ஆர்?"

ஊரிலை இருந்து ஆர் எடுத்தாலும் வாழ்த்துச் சொல்லவேணும் எண்டு அனோவுக்குப் பழக்கினது நாங்கள்தான். "அக்கா, அது பிள்ளை தெரியாமல்" எண்டு தொடங்கினன். அக்னெஸ் என்ரை வாயைக் கையாலை பொத்தினாள். பொத்திக்கொண்டு அனோவைப் பாத்தாள். அனோ குசினி வாசலிலை கடதாசிமாதிரி வெளிறி நிக்கிறாள்.

"நான்தான் மச்சாள்" எண்டு அக்காவுக்குச் சொன்னாள் அக்னெஸ். "நான்தான் சொல்லச் சொன்னனான்."

பேந்து அக்கா, "நீ நல்லாய் இரு" எண்டு சொல்லி வைச்சிட்டா.

நான் அக்னெஸின்ரை கையைத் தட்டிவிட்டன். "உனக்கென்ன மூளை கழண்டு போச்சோ? ஊரிலை உன்னைக் காறித் துப்பப் போறாங்கள்! குடு ரெலிபோனை, நான் சொல்லுறன் அவவுக்கு." அவள் ரெலிபோனை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டாள். றெக்ஸ் பறிக்கப் பாத்தார், விடேல்லை.

"அவள் சின்னப்பிள்ளை மச்சாள். உது அவளின்ரை பேரிலை நிண்டால் ஆயுளுக்கும் நிக்கும். மாமனுக்கு இழவு சொல்ல வந்த மனுசனுக்கு வாழ்த்துச் சொன்னவள் எண்டு கலியாணத்துக்குப் பேசேக்கையும் சொல்லுங்கள், சனியன்கள். எனக்கென்ன? அவர் இனி வரமாட்டார். என்ரை பேர் அங்கை நல்லாய் இருந்து நான் ஆருக்குக் காட்டப் போறன்?"

அதைக்கூட அழாமல்தான் சொன்னாள். ஏதோ கடைச்சாமான் விலை சொல்லுறமாதிரி. எனக்கு அதுதான் பயமாய் இருந்தது. அழுதால் பிடிக்கலாம், அழாத ஆளை என்னெண்டு பிடிக்கிறது? தலையிலை அடிச்சுக்கொண்டு கீழை இருந்திட்டன்.

அனோ வந்தாள். அக்னெஸின்ரை விரலை ஒவ்வொண்டாய் விலக்கி ரெலிபோனை எடுத்தாள். அவளுக்கு அக்னெஸ் விட்டுக்குடுத்தாள், ஏனெண்டு தெரியாது. கடைசியாய் அடிச்ச நம்பரை ஸ்பீக்கரிலையே திருப்பி அமத்தினாள். சுவாமியார் எடுத்தார். "பெரியம்மா வேணும்" எண்டாள். அக்கா இன்னும் அங்கைதான் நிண்டிருக்கிறா.

"பெரியம்மா, நான் அனோ. வைக்காதேங்கோ. மாமி பொய். மாமி சொல்லேல்லை. வாழ்த்துக்கள் நான் சொன்னன். தாத்தா மோசம் எண்டு... நான் மோசம் எண்டா மலாட், சிக் எண்டு..."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? எனக்கு ஒரு கோதாரியும் விளங்கேல்லை. கொம்மாட்டைக் குடு."

நான் கையை நீட்டினன். அவள் தரேல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லைத் தேடினாள். அவளுக்குத் தெரிஞ்ச சொல் ஒண்டே ஒண்டுதான் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பூனை காரிலை அடிபட்டதுக்குப் பாவிச்ச சொல்.

"மாமா செத்துப்போனார்" எண்டாள். "மாமா செத்துப்போனார், மாமிக்குத் தெரியாது. மாமா செத்துப்போனார் எண்டு மாமிக்கு ஒருத்தரும் சொல்லேல்லை பெரியம்மா. நான் சொல்லேல்லை."

அந்தச் சொல்லை அதுவரைக்கும் ஒருத்தரும் வாயிலை எடுக்கேல்லை. சந்தியோகு அண்ணை ஒண்டு சொன்னார், சுவாமியார் ஒண்டு சொன்னார், அக்கா அடக்கம் எண்டா. அக்னெஸ் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் நிண்டவள். இப்ப அனோவின்ரை வாயிலை இருந்து அது வந்த உடனை, அவள் இரண்டு கையாலையும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கத்தினாள். அப்பிடி ஒரு கத்தலை நான் இந்த நாட்டிலை கேட்டதில்லை. மேல்வீட்டு வெள்ளைக்காரன் நிலத்திலை குத்தினான். ரெலிபோனுக்குள்ளை அக்கா, "அக்னெஸ்! எடி அக்னெஸ்! உனக்குத் தெரியாதோடி? என்ரை பிள்ளை, உனக்குத் தெரியாதோ?" எண்டு அங்கை கோயிலடியிலை நிண்டு குழறத் தொடங்கினா.

அனோ ரெலிபோனை இரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு, மாமியின்ரை பக்கம் நீட்டினபடி நிண்டாள்.